பெற்றோல் விலை ஏறும்போது பழைய காரை வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நல்லூரில், வேலை சாவகச்சேரியில். வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலில் 1953 ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ 40 சொமசெற் ஒன்று நிற்கிறது. அப்பாவின் கார். பெற்றோல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் உறவினர், கந்தோரில் உள்ளவர்கள், பெற்றோல் செட்டில் பக்கத்தில் நிற்பவர்கள் என்று எல்லோரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பழைய லான்சர், பெற்றோல் ஜீப் என்று ஏதோ ஒன்றை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதில்கள் உதவும்.

முதலில், வேலைக்குப் போய்வர மாதம் எவ்வளவு செலவாகிறது?

என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். செம்மணி, நாவற்குழி, கைதடி வழியாகச் சாவகச்சேரிக்கு ஒரு வழி 15 கிலோமீற்றர். போய்வர 30. மாதம் 22 வேலைநாள் என்றால் 660 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் கார் இதற்கு 82.5 லீற்றர் குடிக்கும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 24,750 ரூபாய்.

இதே ஓட்டத்துக்கு 2022 தொடக்கத்தில், ஒக்ரேன் 92 பெற்றோல் 177 ரூபாய் விற்றபோது, 14,600 ரூபாய் போனது. அந்த வருடம் யூன் கடைசியில் விலை 470 ரூபாய் ஆனதும் அதுவே 38,775 ரூபாய் ஆகியிருக்கும். சம்பளம் ஏறவில்லை, தூரமும் குறையவில்லை. அந்த ஆறு மாதத்தில்தான் இந்தக் கணக்கை எழுதி வைக்கவே தொடங்கினேன். அதுவரை மற்ற எல்லோரையும் போல, "இந்தக் கிழமை கொஞ்சம் கூடப் போச்சு" என்று மனக்கணக்கில்தான் ஓடியது.

லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது?

தாங்கியை முழுக்க நிரப்புங்கள். 150, 200 கிலோமீற்றர் ஓடிய பிறகு அதே செட்டில், அதே பம்பில், அதே பக்கம் பார்க்க நிறுத்தித் திரும்ப நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரித்தால் விடை வந்துவிடும். 1,000 ரூபாய்க்கு அடித்து முள்ளைப் பார்ப்பதில் ஒன்றும் தெரியவராது. பழைய காரின் பெற்றோல் முள் ஒரு நாளும் உண்மை சொல்லாது.

ஓடோமீற்றரும் பிழையாக இருக்கலாம். ஏ 9 வீதியின் கிலோமீற்றர் கற்களோடு பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையது பத்துக்கு ஒன்பதரைதான் காட்டியது. பழைய ஆட்கள் "கலனுக்கு 30 மைல் ஓடின கார்" என்று சொல்வார்கள். அது லீற்றருக்குப் பத்தரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

என் கார் லீற்றருக்கு 6, 7 தான் ஓடுகிறது. பழைய கார் என்றால் அப்படித்தானே?

இல்லை. எனக்கும் அந்த எண்ணம்தான் பல வருடம் இருந்தது. காசு கூடப் போனதும் அதனால்தான்.

ஒருநாள் கோண்டாவிலில் பழைய கார் மட்டுமே பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "அண்ணை, எட்டுத்தான் ஓடுது, குடிக்கிற கார்தானே" என்றேன். அவர் பொனற்றைத் திறந்து காபரேற்றரின், அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தின், வெளிப்பக்கத்தை விரலால் தடவி என்னிடம் நீட்டினார். விரலில் மண்ணிறக் கறை. "தம்பி, இது கார் குடிக்கேல்லை. சிந்துது. நீர் காசு குடுத்து ரோட்டுக்கு ஊத்துறீர்." அதற்குள் வரும் பெற்றோலை அளவோடு அடைக்கும் மிதவை அறை ஊசி தேய்ந்து, பெற்றோல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் வேறொரு கராச்சில் புது ஊசி என்று சொல்லிப் போட்டதுதான் அது. அளவு பொருந்தாத ஊசி.

அன்று அவர் காட்டியவற்றை, எனக்குப் பலன் தந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

காபரேற்றர்தான் முதல். இரவு நிறுத்தும்போது எஞ்சினுக்குக் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் வட்டம் இருந்தாலோ, கொட்டிலில் பெற்றோல் மணம் இருந்தாலோ, வேறு எதையும் பார்க்காமல் அதை முதலில் திருத்துங்கள். குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டிவிடும் சோக்கின் இழுவை முழுக்க உள்ளே போகிறதா என்று காபரேற்றர் பக்கத்தில் கண்ணால் பாருங்கள். டாஷ்போட்டில் குமிழ் உள்ளே போயிருக்கும், கம்பி சிக்கி அங்கே சோக் பாதி மூடியபடி நிற்கும்.

பிறகு பிளக். கழற்றிப் பார்த்தால் நுனி பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டும். கரிபோல் கறுத்திருந்தால் பெற்றோல் கூடப் போகிறது. வருடாந்தப் புகைச் சோதனைத் தாளிலும் இதே செய்தி இருக்கும். காபனோரொட்சைட்டு கூடுதலாகக் காட்டினால், எரியாத காசு புகைக்குழாயால் போகிறது என்று பொருள். பாஸ் ஆகிவிட்டது என்று தாளை மடித்து வைத்துவிடாமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது, எஞ்சின் சூட்டை அளவாக வைத்திருக்கும் தெர்மோஸ்ரற். நம் ஊரில் எஞ்சின் சூடாகிறது என்றால் பலர் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது. சூடு குறைந்துவிடும், உண்மைதான். ஆனால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். வந்து சேருமுன் நீங்கள் கந்தோருக்குப் போய்விடுவீர்கள். 15 கிலோமீற்றர் ஓட்டத்தில் முதல் ஐந்தாறு கிலோமீற்றர் குளிர் எஞ்சினோடு ஓடினால் பெற்றோல் எப்படி மிஞ்சும்? ரேடியேற்றரைச் சுத்தம் செய்து தெர்மோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கள்.

நான்காவது பிரேக். சமதரையில் நியூட்ரலில் விட்டு ஒரு ஆள் தள்ளினால் கார் உருள வேண்டும். நல்ல ஓட்டம் ஓடி வந்ததும் நாலு சில்லின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. எனக்குப் பின் இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது.

ரயர்க் காற்று, பொயின்ற் இடைவெளி, டைமிங் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான்.

இவ்வளவும் முடிய என் கார் எட்டிலிருந்து பத்தரைக்கு வந்தது. 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு, ஏறத்தாழ ஒரு தொன் இரும்பு. அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை.

ஒக்ரேன் 95 அடித்தால் கூடுதலாக ஓடுமா?

ஓடாது. சொமசெற் போன்ற கார்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காகக் கட்டப்பட்டவை. சொமசெற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 இற்கு 1. 92 இதற்குத் தாராளம். 95 இற்குக் கொடுக்கும் மேலதிகக் காசை ஓயில் மாற்ற வையுங்கள். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய எஞ்சின்களின் வால்வ் இருக்கை கொஞ்சம் வேகமாகத் தேயலாம். அதனால் வால்வ் இடைவெளியை (tappet) மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினோமே. இப்போதும் ஓடலாமே?

ஓடலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1990 இல் திரும்பப் போர் தொடங்கி, பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராமல் நின்றபோது இந்த ஊர் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை மருந்துபோல் வைத்திருப்பார். காபரேற்றர் வாய்க்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார். பின்னால் வெள்ளைப் புகை. கார் எங்கள் ஒழுங்கையில் திரும்ப முன்னரே மணத்தில் அப்பா வருகிறார் என்று தெரிந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவும் இந்தக் கார் அப்படித்தான் ஓடியது. போருக்குப் பயந்து யாழ் நகரும் அதைச் சுற்றிய வலிகாமமும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவு. எனக்கு அப்போது 11 வயது. செம்மணி வெளியில் இலட்சக்கணக்கான சனத்துக்கு நடுவே ஒரு அடி, இரண்டு அடி என்று நகர்ந்தோம். பின் இருக்கையில் அம்மம்மா, இரண்டு தங்கச்சிமார், பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சி அக்கா. மடியில் தையல் மெசினின் தலை. மழை பெய்தது. ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் கொதித்துவிட்டது. அப்பா இறங்கிக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணியை ஏந்தினார். முதல் குடை எங்களுக்குக் குடிக்க, அடுத்த குடை ரேடியேற்றருக்கு. விடியும்போது நாவற்குழிப் பாலம் தாண்டியிருந்தோம்.

அப்படி ஓடிய எஞ்சினைப் பிறகு பிரித்தபோது நிலைமை தெரிந்தது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கிவிடும். பிஸ்டன் தலையில் கரி, பெயாரிங்கில் தேய்வு. அன்று வேறு வழியில்லை. இன்று நீங்கள் மிச்சம் பிடிக்கும் காசு ஒரு எஞ்சின் வேலைக்குக் காணாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது குருநகரிலும் பாசையூரிலும் படகுகள் கரையில் கிடந்தன. அது அவர்களின் எஞ்சினுக்கும், அடுப்பு எரிப்பவர்களுக்கும் போகவேண்டிய எண்ணெய். கார் வைத்திருக்கும் நாம் அதில் கைவைக்கக் கூடாது.

ஓட்டும் விதத்தில் மிச்சம் பிடிக்கலாமா?

கொஞ்சம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் இல்லாதது நமக்குக் கிடைத்த பெரிய சலுகை. சீக்கிரம் நாலாம் கியருக்குப் போய் 50, 55 இல் நிதானமாக ஓடினால் போதும், பின்னால் வரும் மினிபஸ் ஹோன் அடித்தாலும் சரி. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் நாவற்குழி வெளியில் பின்னேரம் எதிர்க்காற்று அடிக்கும். அன்றைக்கு இன்னும் ஐந்து குறையுங்கள். ஆடு, மாடு, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள் என்று பிரேக் போடும் இடங்கள் உங்களுக்கே தெரியும். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால் அந்தப் பெற்றோல் மிச்சம்.

அப்படியானால் தினமும் காரில் போகலாமா?

இங்கேதான் நான் பலரோடு முரண்படுகிறேன். காரைத் திருத்தியதால் என் மாதச் செலவு 24,750 இலிருந்து 18,860 ரூபாய்க்கு வந்தது. நல்லதுதான், ஆனால் காணாது. விலை திரும்ப ஏறினால் பழையபடி ஆகிவிடும்.

காரின் மேல் இருக்கும் அன்பையும் வேலைக்குப் போகும் தேவையையும் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றியதால்தான் நெருக்கடி வருகிறது. நான் இப்போது செவ்வாயும் வியாழனும் காரில் போகிறேன், மற்ற நாள் மோட்டார் சைக்கிளில். காரில் 8 நாள், 240 கிலோமீற்றர், 23 லீற்றர். மோட்டார் சைக்கிளில் 14 நாள், லீற்றருக்கு 45 என்றால் 9 லீற்றருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்த்து 9,700 ரூபாய்க்குள் அடங்குகிறது. முன்பு லீற்றருக்கு 10 ரூபாய் ஏறினால் எனக்கு மாதம் 825 ரூபாய் கூடும். இப்போது 320 ரூபாய்தான் கூடும். விலை ஏறும் செய்தி வரும் இரவில் முன்னைப்போல் நெஞ்சு பதறுவதில்லை.

மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் பஸ்ஸையும் புகையிரதத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புங்கன்குளம், நாவற்குழி, தச்சன்தோப்பு வழியாகச் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் வரை ரயில் பாதையிலேயே இருக்கின்றன. உங்கள் கந்தோர் நேரத்தோடு ரயில் நேரம் பொருந்தினால் சீசன் ரிக்கற்றைவிட மலிவு வேறில்லை. 1990 இல் நின்ற பாதையில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். அந்த ரயிலுக்கு அவ்வளவு காலம் காத்திருந்த ஊர் இது. ஏறிப் போவோமே.

பேசாமல் நிறுத்தி வைத்து, நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் எடுத்தால்?

அது காரைக் கொல்லும். பாதி நிரம்பிய தாங்கிக்குள் மாரியில் ஈரம் கட்டித் துரு பிடிக்கும், அந்தத் துரு காபரேற்றருக்குள் வரும். பிரேக் சிலிண்டர் இறுகும். பற்றரி இறங்கும். நம் உப்புக்காற்றில் சும்மா நிற்கும் இரும்பு, ஓடும் இரும்பைவிடச் சீக்கிரம் உக்கும். கிழமைக்கு இரண்டு முறை, முழுச் சூடு வரும் அளவுக்கு ஓடினால் நல்லது. முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிற்பாட்டுவதில் பெற்றோல் போவதைத் தவிர வேறு பலனில்லை.

கூட வேலை செய்பவர்களை ஏற்றிச் செலவைப் பகிரலாமா?

கட்டாயம். ஆனால் நம் ஆட்களுக்குக் காசு கேட்கக் கூச்சம், கொடுப்பவருக்குக் கையில் நீட்டக் கூச்சம். நான் முதல் மூன்று மாதம் ஒன்றும் கேட்காமல் ஏற்றினேன். ஏறியவர்கள் சங்கடப்பட்டு, ஒருவர் மாம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் ஏறுவதையே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு ரீச்சர்தான் வழி சொன்னா: "தம்பி, காசு கைமாற வேண்டாம். ஒரு கிழமைக்கு ஒரு ஆள் செட்டில பெற்றோல் அடிப்பம்." இப்போது மூன்று பேர் வருகிறார்கள், முறை வைத்து அடிக்கிறோம். யாருக்கும் மனக்கசப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆள் ஏற்றிக் கட்டணம் வாங்கினால் அது வாடகை ஓட்டமாகிவிடும், தனியார் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ் விபத்தில் கைவிடலாம். பகிர்வு எந்த அளவில் நிற்க வேண்டும் என்று உங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

விற்றுவிட்டுச் சின்னக் கார் ஒன்று வாங்குவது புத்தியில்லையா?

லீற்றருக்கு 18 ஓடும் சின்னக் காரில் தினமும் போனாலும் 11,000 ரூபாய் ஆகும். திருத்திய பழைய காரைவிட மாதம் 7,860 ரூபாய் மிச்சம். இதற்காக 10 லட்சம் ரூபாய் லீசிங் எடுத்தால், 5 வருடத்தில் முதல் மட்டுமே மாதம் 16,666 ரூபாய். வட்டி வேறு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் பாவித்த கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோரும் பார்த்தோம்.

கையில் காசு இருந்து, தினமும் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று நீண்ட தூரம் ஓடுபவர் என்றால் சின்னக் கார் சரி. அப்போதும் பழையதை விற்பது தனிக் கேள்வி. நான் விற்கமாட்டேன். காரணத்தை மேலே, மண்ணெண்ணெய்க் கேள்வியில் எழுதிவிட்டேன்.

ஜப்பான் எஞ்சின் மாற்றிப் போட்டால்?

பலர் போட்டிருக்கிறார்கள், ஓடுகிறது. எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போதும் சோதனையிலும் சிக்கல். எஞ்சினோடு கியர், பிரேக், ரேடியேற்றர் என்று செலவு தொடரும். கடைசியில் நிற்பது நீங்கள் ஆசைப்பட்ட கார்தானா என்று முதலிலேயே யோசியுங்கள்.

தாங்கிக்குள் பூச்சி உருண்டை, குழாயில் காந்தம், விடியப்புறம் அடித்தால் கூடப் பெற்றோல்?

மூன்றும் வேண்டாம். பூச்சி உருண்டை காபரேற்றர் ஜெற்றை அடைக்கும். காந்தம் ஒன்றும் செய்யாது. பெற்றோல் நிலத்துக்குக் கீழே உள்ள தாங்கியில் இருப்பதால் விடியலுக்கும் மத்தியானத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

2022 மாதிரித் திரும்ப வந்தால்?

அந்த வருடம் யூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோலைப் பங்கிடும் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்போது லீற்றருக்கு 8 ஓடிய என் காருக்கு ஐந்து நாள் வேலைக்கே 18.75 லீற்றர் தேவை. மிஞ்சியது ஒன்றேகால் லீற்றர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதுதான். அதற்கு முன், வரிசையில் இரவிரவாக நின்ற நாட்களில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் முன்னும் பின்னும் நின்றவர்கள் சேர்ந்து ஒவ்வொரு காராகத் தள்ளினோம். அந்தக் காலத்தில் பலர் கானிலும் போத்தலிலும் பெற்றோலைச் சேர்த்து வீட்டு அறைகளில் வைத்தார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தாங்கி பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது போதும்.

வீட்டில் இந்தக் காரால் சண்டை வருகிறது. என்ன செய்ய?

எங்கள் வீட்டிலும் வந்தது. மனைவி கேட்டது நியாயமான கேள்வி: "பிள்ளையின்ர ரியூசன் காசு பிந்துது, காருக்குப் பெற்றோல் மட்டும் பிந்தாதோ?"

அதன் பிறகு காருக்கென்று ஒரு உறை வைத்தோம். மாதம் முதலாம் திகதி அதில் 9,000 ரூபாய். பெற்றோல், ஓயில், சின்னத் திருத்தம் எல்லாம் அதற்குள். இன்சூரன்சும் வருடாந்த லைசென்சும் தனியாக, மாதம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறோம். விலை ஏறினால் உறையில் காசு கூடாது, ஓடும் தூரம்தான் குறையும். மோட்டார் சைக்கிள் பெற்றோல் வீட்டுச் செலவில். கொப்பி சமையலறையில் தொங்குகிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

போன மாதம் ஓயில் மாற்றியதால் 24 ஆம் திகதியே உறையில் 340 ரூபாய்தான் இருந்தது. அன்று வியாழன். மோட்டார் சைக்கிளில் போனேன்.